விளம்பரத்துக்குப் பாட்டு கேட்கிறார்கள்: மொத்தமாக எழுதிக் கொடுப்பதா, காலம் வகுத்துக் கொடுப்பதா, பங்கு கேட்பதா?

மும்பையில் அந்தேரியிலோ லோயர் பரேலிலோ இருக்கும் விளம்பர நிறுவனம் ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. நீங்கள் யூடியூபில் ஏற்றிய தமிழ்ப் பாட்டின் முப்பது விநாடியை ஒரு பிராண்டின் விளம்பரத்தில் சேர்க்க விரும்புகிறார்கள். கூடவே ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். தாராவி, செம்பூர், சயான் கோலிவாடா பக்கம் தமிழில் ராப்பும் கானாவும் பாடும் தம்பிகள் இந்த மின்னஞ்சலை எனக்கு அனுப்பிவிட்டுக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: “அண்ணே, இரண்டு லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிடலாமா?”

இரண்டு லட்சம் எதற்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இணையத்தில் ஒரு வருடம் ஓடும் விளம்பரத்துக்கு அது நல்ல தொகையாக இருக்கலாம். அதே இரண்டு லட்சத்துக்குப் பாட்டே ஆயுளுக்கும் கைமாறுகிறது என்றால் அது அநியாயம். பாட்டுக்கு என்று ஒரு விலை கிடையாது. எவ்வளவு காலம், எந்த ஊர்களில், எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதற்குத்தான் விலை. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டது.

## பேரத்துக்கு முன்: உங்களிடம் இருப்பது எது?

ஒரு பாட்டுக்குள் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒன்று, வரியும் மெட்டும். எழுதியவருக்கு வரி சொந்தம், இசையமைத்தவருக்கு மெட்டு சொந்தம். இன்னொன்று ஒலிப்பதிவு. ஸ்டுடியோக்களில் மாஸ்டர் என்று சொல்வது இதைத்தான். பதிவைத் தயாரித்தவரே அதன் உரிமையாளர். சொந்தக் காசில் பாட்டு வெளியிடுபவருக்குப் பெரும்பாலும் இரண்டுமே சொந்தமாக இருக்கும். உங்கள் பதிவை அப்படியே விளம்பரத்தில் சேர்க்க இரண்டுக்கும் அனுமதி வேண்டும். வேறு குரலில் புதிதாகப் பதிவு செய்வதானால் மாஸ்டர் தேவையில்லை. வரிக்கும் மெட்டுக்கும் அனுமதி போதும், தொகையும் அதற்கேற்பக் குறையும்.

ராப் பாடுபவர்கள் இந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பீட்டின் (பாடுவதற்காக வேறொருவர் அமைத்து விற்கும் பின்னணி இசை) மேல் பாடியிருந்தால், அதனுடன் வந்த உரிமப் படிவத்தைத் தேடி எடுங்கள். குறைந்த விலையில் கிடைக்கும் பீட்டுகள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பலருக்கு விற்கப்படுபவை. இத்தனை முறை கேட்கப்படும் வரை என்ற வரம்போடு வருபவை. விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி அவற்றில் இருப்பது அரிது. நீங்களோ ஏஜென்சியின் ஒப்பந்தத்தில், “இந்தப் பாட்டு முழுக்க என்னுடையது, யாராவது வழக்குத் தொடுத்தால் நிறுவனத்துக்கு ஏற்படும் எல்லா இழப்பையும் நானே ஈடுசெய்வேன்” என்ற ஷரத்தின் கீழ் கையெழுத்துப் போடுகிறீர்கள். சில பத்தாயிரங்களை வாங்கிக்கொண்டு பல லட்சத்துக்குப் பொறுப்பேற்பது இப்படித்தான். பீட் தயாரித்தவரிடம் முதலில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அவருக்கும் பங்கு வையுங்கள். இழப்பீட்டுப் பொறுப்பு நீங்கள் வாங்கும் தொகையைத் தாண்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பல நிறுவனங்கள் இதற்கு ஒத்துக்கொள்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமானவை வேறு இருக்கின்றன.

காலம்: ஆறு மாதமா, ஒரு வருடமா, நிரந்தரமா.

இடம்: மகாராஷ்டிரமா, இந்தியாவா, உலகமா.

ஊடகம்: யூடியூப், இன்ஸ்டாகிராம் மட்டுமா, தொலைக்காட்சியுமா, திரையரங்கும் கடைகளுமா.

தனியுரிமை: உங்கள் பாட்டை வேறு எவருக்குமே தரக்கூடாதா, அல்லது போட்டி நிறுவனங்களுக்கு மட்டும் தரக்கூடாதா. குளிர்பான விளம்பரத்துக்குக் கொடுத்த பாட்டை இன்னொரு குளிர்பானத்துக்குத் தரமாட்டேன் என்பது நியாயம். வங்கிக்கும் செருப்புக்கும் கூடத் தரக்கூடாது என்றால் அந்தக் கதவடைப்புக்குத் தனியே விலை உண்டு.

மாற்றும் உரிமை: முப்பது விநாடியைப் பத்து, ஆறு விநாடிகளாக வெட்டலாமா, வரியை இந்திக்கோ மராத்திக்கோ மாற்றலாமா.

கணக்கு: அவர்கள் சொன்னபடிதான் பயன்படுத்துகிறார்களா என்று உங்களால் பார்க்க முடியுமா.

இவற்றில் எதையாவது ஒப்பந்தம் சொல்லாமல் விட்டிருந்தால் பதற வேண்டாம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இது பிரிவு 19. ஆபத்து, மௌனமான ஒப்பந்தத்தைவிட எல்லாவற்றையும் சொல்லிவிடும் ஒப்பந்தத்தில்தான் அதிகம்.

## கையெழுத்துப் போட்ட பிறகும் உங்களிடம் நிற்பவை

1977இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காகப் பணம் கொடுத்து இசையமைக்க வைத்தால் அந்த இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒரு தரப்பாக நின்றது, 1969இல் தொடங்கப்பட்டு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.பி.ஆர்.எஸ் என்ற இசைப் பதிப்புரிமைச் சங்கம். பாடுபவரின் உழைப்பைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இருப்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அப்போதே தனிக்குறிப்பில் சுட்டிக்காட்டினார். நிலைமை மாற 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநிலங்களவையில் கவிஞர் ஜாவேத் அக்தர் எழுத்தாளர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் வாதாடினார். திருத்தச் சட்டம் 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

அந்தத் திருத்தத்தின் உயிர்நாடி பிரிவு 18இல் இருக்கிறது. ஒலிப்பதிவில் இடம்பெற்ற வரியையும் மெட்டையும் எழுதியவர், உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், அந்தப் படைப்பின் பயன்பாட்டில் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதைக் கொடுக்கலாம். “எல்லா ராயல்டியையும் துறக்கிறேன்” என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் அந்த ஷரத்து செல்லாது. மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில், பண்பலை வானொலிகள் பாட்டை ஒலிபரப்பும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி தர வேண்டும் என்று சொன்னது இந்தத் திருத்தத்தின் பலத்தில்தான். பாடியவருக்கும் வாசித்தவருக்கும், அவர்களது நிகழ்த்துதல் வணிகரீதியாகப் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமை பிரிவு 38ஏ வழியாக வந்தது. படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையும், பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் பிரிவு 57இல் இருக்கின்றன. உரிமையை விற்ற பின்னும் அவை தொடரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சமபங்குக் கவசம் வரிக்கும் மெட்டுக்கும்தான். மாஸ்டருக்கு அது கிடையாது. மாஸ்டரை எழுதிக் கொடுத்தால், தயாரிப்பாளர் என்ற முறையில் உங்களுக்கு வர வேண்டிய பங்கு அப்படியே போய்விடும். சொந்தமாகப் பாட்டு வெளியிடும் தலைமுறை அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். சட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போடுபவர்கள் இதை அறிந்திருப்பதில்லை.

## முதல் வழி: மொத்தமாக எழுதிக் கொடுப்பது

தொழிலில் இதை பைஅவுட் என்பார்கள். ஒரே தொகை, ஒரே தடவை, அத்துடன் பாட்டு அவர்களுடையது. இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. பெரிய தொகை கண்ணெதிரே இருக்கிறது, பின்னால் துரத்தி அலைய வேண்டியதில்லை, வீட்டு டெபாசிட்டுக்கோ தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ உடனே உதவும்.

இத்தகைய ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு. தமிழில் சொன்னால்: “நிரந்தரமாக, அண்டம் முழுவதும், இப்போது அறியப்பட்டதும் இனி உருவாக்கப்படுவதுமான எல்லா ஊடகங்களிலும், எத்தகைய மாற்றங்களோடும்.” ஒவ்வொரு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். ‘நிரந்தரமாக’ என்றால் பதிப்புரிமை வாழும் காலம் முழுவதும். வரிக்கும் மெட்டுக்கும் அது படைத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டு. உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகிற சமாச்சாரம். ‘இனி உருவாக்கப்படும் ஊடகங்கள்’ என்பது அவ்வளவு எளிதில் செல்லாது. ஒப்பந்த நாளில் இல்லாத, வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகத்துக்கு உரிமை போக வேண்டுமானால் அதைக் குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2012 திருத்தம் சொல்கிறது. இருந்தாலும் அதற்காக நீதிமன்றப் படி ஏறும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது? கையெழுத்துக்கு முன்பே அடித்துவிடச் சொல்வதுதான் நல்லது. ‘எத்தகைய மாற்றங்களோடும்’ என்பதற்குள் இப்போது செயற்கை நுண்ணறிவும் அடங்கிவிடுகிறது. உங்கள் குரலை வைத்து இயந்திரத்தைப் பயிற்றுவித்து நீங்கள் பாடாத பாட்டைப் பாட வைக்கலாம். 2024இல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அப்படிப் போலி செய்வதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வளவு புகழ் இல்லாதவர்களுக்கு ஒப்பந்தத்தின் ஒரு வரிதான் பாதுகாப்பு: “குரலையோ ஒலிப்பதிவையோ இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தக்கூடாது.”

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். பாட்டு கைமாறிய பின் ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் உங்கள் கணக்கில் இருக்கும் அந்தப் பதிவை வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் போகலாம். தைப்பொங்கலுக்குத் தாராவி 90 அடிச் சாலையில் மேடை போட்டால், ஊரே கேட்கும் உங்கள் பாட்டைப் பாடுவதற்குக்கூட எழுத்தில் ஓர் அனுமதி தேவைப்படும் நிலை வரலாம். நாளை ஒரு வலைத்தொடர் அதே பாட்டைக் கேட்டால் பணம் வேறு ஒருவருக்குப் போகும். அந்த பிராண்டு நாளை எந்தப் பொருளை விற்கப் போகிறது, எந்தச் சர்ச்சையில் சிக்கப் போகிறது என்பதும் உங்கள் கையில் இல்லை. எல்லாம் கழிய அதில் ஒட்டி நிற்பது உங்கள் குரல்.

இது சரியான வழியாகும் இடமும் இருக்கிறது. பிராண்டின் பெயரே வரியில் வரும் ஜிங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மசாலாப் பொடியின் பெயரைச் சொல்லும் பாட்டை நீங்கள் வைத்திருந்து என்ன செய்ய முடியும்? வேறு யாரும் வாங்கப் போவதில்லை. அங்கே மொத்தத் தொகை பேசுவதே முறை. ஆனால் அப்போதும் பெயர் போடும் உரிமையையும், உங்கள் வேலை மாதிரியாகக் காட்டும் அனுமதியையும் எழுதி வாங்குங்கள். எழுதிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் அவர்கள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும் என்று பிரிவு 19 சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நீக்கும் வரி இருந்தால் அதையும் அடிக்கச் சொல்லலாம்.

## இரண்டாம் வழி: காலம் வகுத்து உரிமம் கொடுப்பது

பாட்டு உங்களுடையதாகவே இருக்கிறது. இன்ன விளம்பரத்தில், இன்ன ஊடகங்களில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பயன்படுத்த அனுமதி. ஏற்கெனவே வெளிவந்து, கேட்பவர்களை ஓரளவு சேர்த்துக்கொண்ட பாட்டுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதைத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. மொத்தமாக எழுதிக் கொடுத்தால் 2,00,000 ரூபாய் என்கிறார்கள். நீங்கள் ஒரு வருட உரிமத்துக்கு 90,000 கேட்கிறீர்கள், நீட்டித்தால் ஆண்டுக்குப் பத்து சதவீத உயர்வு. முதல் ஆண்டு 90,000, இரண்டாம் ஆண்டு 99,000, மூன்றாம் ஆண்டு 1,08,900. இரண்டு ஆண்டு ஓடினால் 1,89,000, மூன்று ஆண்டு ஓடினால் 2,97,900. வெறும் தொகையைப் பார்த்தால் மொத்த விற்பனையை மிஞ்ச மூன்றாம் ஆண்டு வரை விளம்பரம் ஓட வேண்டும். உள்ளதைச் சொல்வதானால், பல விளம்பரங்கள் ஒரு பருவத்தோடு நின்றுவிடுகின்றன. ஆக, உரிமம் எப்போதும் அதிகப் பணம் தரும் என்று சொல்லமாட்டேன். அந்த 90,000க்குப் பிறகும் பாட்டு உங்களிடம் இருக்கிறது என்பதே வித்தியாசம். அடுத்த நிறுவனம், அடுத்த வலைத்தொடர், மேடை, யூடியூப் வருமானம் எல்லாம் திறந்தே இருக்கின்றன. 1,10,000 ரூபாய் இப்போது குறைவாக வாங்கி, அந்த வாய்ப்புகளைக் கையில் வைத்துக்கொள்கிறீர்கள். பாட்டுக்கு எதிர்காலம் உண்டென்று நம்பினால் அது மலிவு. அந்தப் பாட்டு ஓய்ந்துவிட்டது, இனி யாரும் கேட்கப் போவதில்லை என்று உங்களுக்கே தெரிந்தால் மலிவில்லை.

இதில் மறைந்திருக்கும் செலவு கண்காணிப்பு. கெடு முடிந்த பின் தொலைக்காட்சியில் ஓடுவது நிற்கும். பிராண்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்ட பதிவு அங்கேயே கிடக்கும். ‘பணம் கட்டி ஓட்டும் விளம்பரம் கெடுவோடு நிற்க வேண்டும், பழைய பதிவுகளை நீக்க வேண்டாம், ஆனால் மீண்டும் பணம் போட்டுப் பரப்பக்கூடாது’ என்று பிரித்து எழுதினால் பின்னால் சண்டை வராது. இன்னொன்று: நீங்கள் பாட்டை வெளியிட்ட விநியோக நிறுவனம், யார் பாட்டை ஏற்றினாலும் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் அதைச் சேர்த்திருந்தால், பிராண்டு தன் விளம்பரத்தை ஏற்றியதும் உரிமைக் கோரல் போய் நிற்கும். அவர்கள் அலறி அடித்துக்கொண்டு உங்களைக் கூப்பிடுவார்கள். பிராண்டின் யூடியூப் சேனலுக்கு விலக்கு தரும்படி விநியோக நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணம் வரும் தேதியையும் இங்கேதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். “கிளையன்ட் எங்களுக்குப் பணம் தந்த பின்” என்ற வரியை ஏற்காதீர்கள். ஏஜென்சிக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் உள்ள கணக்கு உங்கள் கணக்காகக் கூடாது. கையெழுத்தின்போது பாதி, விளம்பரம் வெளியாகும் முன் மீதி என்பது நியாயமான கேள்வி. புதிதாக இசையமைத்துத் தரும் வேலையானால் குறு நிறுவனமாக அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு இலவசம். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பணம் நிறுத்தி வைத்தால் வட்டி கேட்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

## மூன்றாம் வழி: குறைந்த முன்பணம், வருமானத்தில் பங்கு

கேட்பதற்கு மிக நியாயமாக இருப்பது இது. நடைமுறையில் அதிகம் ஏமாற்றுவதும் இது. விளம்பரத்துக்கு இது பொருந்தாது, ஏனென்றால் விளம்பரத்துக்கென்று தனி வருமானம் இல்லை. எதில் பங்கு கேட்பீர்கள்? பாட்டையே விற்று வருமானம் ஈட்டும் இடங்களில்தான் இதற்கு அர்த்தம்: காலர் டியூன், செயலிக்குள் பாட்டு, வீடியோ விளையாட்டு, இசை நிறுவனத்தோடு கூட்டாக வெளியீடு.

‘நிகர லாபத்தில் இருபது சதவீதம்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பூஜ்யத்தில் இருபது சதவீதம். விளம்பரச் செலவு, அலுவலகச் செலவு, வீடியோ செலவு எல்லாம் கழித்த பிறகுதான் நிகரம். கைக்கு வரும் மொத்தத் தொகையில் பங்கு கேளுங்கள், சதவீதம் குறைந்தாலும் பரவாயில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அறிக்கை, வருடத்துக்கு ஒருமுறை கணக்கைப் பார்க்கும் உரிமை, இரண்டும் இல்லாமல் இந்த வழியில் போக வேண்டாம். முன்பணமும் நீங்கள் செலவழித்த ஸ்டுடியோ வாடகையையாவது ஈடுகட்ட வேண்டும்.

## நான்காம் வழி: இடையில் ஒருவர்

இசை லைப்ரரி, உரிம ஏஜென்ட், இசை நிறுவனம் என்று வடிவம் பல. அவர்கள் வாடிக்கையாளரைத் தேடி, பேரம் பேசி, தங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பேச்சு இல்லாத பின்னணி இசை நிறைய வைத்திருக்கும் கீபோர்டு கலைஞருக்கும், பேரம் பேசவே பிடிக்காதவருக்கும் இது உகந்தது. அப்படிப்பட்ட டிராக்குகளை ஒவ்வொன்றாக நீங்களே விற்க முடியாது.

ஆனால் தனியுரிமையோடு லைப்ரரியில் கொடுத்த டிராக்கை நாளை நேரில் கேட்கும் நண்பருக்குக்கூடத் தர முடியாது. தனியுரிமை இல்லாமல் கொடுத்தால், லைப்ரரியில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அதே டிராக்குக்கு நீங்கள் ஐம்பதாயிரம் கேட்க முடியாது. ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். குரலும் வரியும் உள்ள, உங்கள் முகவரியாக இருக்கும் பாட்டை லைப்ரரியில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

“பணம் இல்லை, ஆனால் உங்கள் பெயர் பரவும்” என்று வருவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. கேமராமேனுக்கும் நடிகருக்கும் பணம் கொடுத்து, இசைக்கு மட்டும் பெயர் கொடுக்கும் பட்ஜெட் நியாயமானதல்ல. மாணவர் குறும்படம், தமிழ்ச் சங்க விழாக் காணொளி போன்றவற்றுக்கு இலவசமாகக் கொடுப்பது உங்கள் மனம். அங்கேயும் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

## வந்த பணம் யாருக்கெல்லாம்?

ஏஜென்சி நியாயமாக நடக்க வேண்டும் என்று கேட்கும் நாம், நம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசித்தவருக்கு என்ன செய்கிறோம்? டோல்கி வாசித்தவருக்கு அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தோம், கோரஸ் பாடிய பெண்ணுக்குப் பிரியாணியும் நன்றியும் கொடுத்தோம். இப்போது பாட்டு விளம்பரத்தில் வருகிறது. கேட்பவர் மனதில் முதலில் பதிவது சில நேரம் அந்த டோல்கியின் இரண்டு தட்டுகள்தான். சட்டமும் அவரை நிகழ்த்துபவர் என்றே அழைக்கிறது.

நான் நண்பர்களுக்குச் சொல்லும் பங்கீடு இது. 90,000 வந்தால் பாதி வரிக்கும் மெட்டுக்கும், பாதி மாஸ்டருக்கும். வரிக்கு 22,500, மெட்டுக்கு 22,500. மாஸ்டரின் 45,000இலிருந்து பாடியவர்கள், வாசித்தவர்கள், மிக்ஸிங் செய்தவர் ஆகியோருக்கு, பதிவு நாளிலேயே ஒத்துக்கொண்ட சதவீதப்படி. அந்தச் சதவீதத்தை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். புகழும் பணமும் வந்த பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு உடைகிறது.

அரசுக்குக் கட்டும் வரியும் இங்கே ஒரு மறைந்த செலவு. ராயல்டிக்குப் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி, பிடிப்பார்கள். 90,000இல் 9,000 போய் 81,000தான் வங்கிக்கு வரும். அந்த 9,000 பான் எண் கொடுத்தவரின் கணக்கில் வரவாகிறது. மொத்த வருமானமும் அவர் பெயரில்தான் பதிவாகும். ஆகவே மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை ரொக்கமாகச் செய்யாமல் வங்கி வழியே, ரசீதோடு செய்யுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ‘எல்லா வரிகளும் உட்பட’ என்ற சொல்லைப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள். 18 சதவீதம் உள்ளடங்கிய 90,000 என்றால் உங்களுடையது 76,271 ரூபாய்தான். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை.

ஐ.பி.ஆர்.எஸ் உறுப்பினராக இருந்தால் ஏஜென்சியிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சங்கத்துக்கு ஏற்கெனவே கொடுத்த உரிமைக்கு மாறாக இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. உறுப்பினராக இல்லாத பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்துவிடுவது நல்லது. விளம்பரத்தில் பாட்டைச் சேர்க்கும் கட்டணத்தை நீங்கள் நேரில் பேசுகிறீர்கள். அதற்குப் பின் பாட்டு ஒலிபரப்பாகும்போது சேரும் ராயல்டியைத் தனி மனிதராக வசூலிப்பது நடைமுறையில் மிகக் கடினம்.

## யாருக்கு எது

பாட்டு ஏற்கெனவே வெளிவந்தது, நாலு பேர் முணுமுணுக்கிறார்கள்: ஒரு வருட உரிமம், போட்டிப் பொருள்களுக்கு மட்டும் தனியுரிமை. பிராண்டின் பெயரைப் பாடும் ஜிங்கிள்: மொத்தத் தொகை, அதிகமாகக் கேளுங்கள். செயலி, காலர் டியூன், விளையாட்டு: முன்பணத்தோடு மொத்த வருவாயில் பங்கு. அலமாரி நிறையப் பின்னணி இசை: லைப்ரரி, தனியுரிமை இல்லாமல்.

பணமுடை இருக்கும்போது இந்த அறிவுரை கசக்கும். அவசரத் தேவைக்காக மொத்தமாகக் கொடுப்பதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். அப்படியானால் வரி, மெட்டு, மாஸ்டர் மூன்றையும் சேர்த்துக் கொடுக்காமல், மாஸ்டரை உங்களிடம் வைத்துக்கொண்டு மூன்றாண்டுக்கு முழுத் தனியுரிமை தருகிறேன் என்று பேசிப் பாருங்கள். பிராண்டுக்குத் தேவையானது பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

ஏஜென்சிக்குப் பதில் எழுதும்போது தொகையைத் தொடாமல் இப்படித் தொடங்கலாம். ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

“எங்கள் பாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. தொகை பேசுவதற்கு முன் இவற்றைத் தெரிவிக்க வேண்டுகிறோம்: விளம்பரம் ஓடும் காலம், நாடுகள், ஊடகங்கள், எத்தனை வடிவங்கள், எத்தனை மொழிகள், தனியுரிமை எந்தப் பொருள் வகைக்கு, எங்கள் ஒலிப்பதிவே வேண்டுமா, புதிதாகப் பதிவு செய்வீர்களா, பணம் செலுத்தும் தேதி. வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றின் உரிமை எங்களிடமே இருக்கும் என்ற அடிப்படையில் பேச விரும்புகிறோம்.”

இதற்கு வரும் பதிலில் எல்லா விவரமும் இருந்தால் அப்போது தொகையைச் சொல்லுங்கள். பதிலுக்குப் பதிலாக அதே ஒப்பந்தமே திரும்பி வந்தால், கையெழுத்துப் போடும் முன் பதிப்புரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் பாட்டின் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.